சுவருக்கு அப்பால் போன வெந்நீர்

எனிட் சக்டன் கீத்லி என்ற ஆங்கிலேய ஆலை நகரில் பஸ் கண்டக்டராக இருந்தவள். குடித்துவிட்டு ஏறுகிறவனைக் காலரைப் பிடித்து நடுவழியில் இறக்கிவிடுவாள். ஓய்வு பெற்ற பிறகும் அந்த அதட்டல் போகவில்லை. கணவன் கிளிஃபர்ட் நேர்மாறு. கம்பளி ஆலையில் பாய்லர் பார்த்தவன். எதைச் சொன்னாலும் தலையாட்டுவான். வீட்டுக்குள் வெந்நீர் ஓடும் குழாய்களையும் அந்த வெந்நீரால் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களை அறைக்கு அறையும் தன் கையாலேயே போட்டான். போன வசந்தத்தில் இறந்துபோனான்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒரே சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டில், அவன் தம்பி நார்மன் தனியாக இருந்தான். பல வருஷங்களுக்கு முன் மாமியார் செத்த அன்று, வந்திருந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும், எனிட்தான் அம்மாவைக் குளிர் அறையில் போட்டுக் கொன்றுவிட்டாள் என்று சொன்னவன் அவன். கடைசி மாதங்களில் கிழவிக்கு மலமூத்திரம் அள்ளியவள் எனிட். அங்கேயே அவனை வெளியே துரத்தினாள். கணவனிடமும் தீர்த்துச் சொன்னாள்: அவன் வாசற்படியை மிதித்தால் இந்த வாசற்படியை மறந்துவிட வேண்டியதுதான். கிளிஃபர்ட் தலையாட்டினான். அதன் பிறகு அண்ணனும் தம்பியும் பேசி யாரும் பார்த்ததில்லை. நார்மன் மட்டும் தெருவில் எனிடைக் கண்டால் தொப்பியைத் தொட்டு மரியாதையாகத் தலை குனிவான். கிண்டல் பண்ணுகிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கிளிஃபர்ட் இல்லாத அந்த முதல் குளிர்காலத்தில் முன்னறை ரேடியேட்டர் ஜில்லென்று கிடந்தது. பாய்லர் என்னவோ உறுமிக்கொண்டுதான் இருந்தது. எனிட் கோட்டைக் கழற்றாமலே டீ குடித்தாள். மெக்கானிக் கேரத் வந்து குழாய்களில் சிக்கியிருந்த காற்றை வெளியேற்றினான். அடியில் படிந்த கறுப்புச் சேற்றைக் கழுவினான், பம்பை மாற்றினான். முன்னறை சூடாகவில்லை.

மறுபடி வந்தவன் வேறு வழியில் போனான். வீட்டிலிருந்த ரேடியேட்டர்கள் எல்லாவற்றையும் இறுக்கி மூடினான். தண்ணீர் ஓட இடமில்லை என்றால் பாய்லருக்குத் திரும்பி வரும் குழாய் ஆறிப்போக வேண்டும். கொஞ்ச நேரம் விட்டுத் தொட்டான். சுட்டது.

"மிஸஸ் சக்டன், எல்லாத்தையும் மூடிட்டேன். ஆனாலும் தண்ணி எங்கேயோ போய்ச் சுத்திட்டு வருது. நான் பாக்காத ரேடியேட்டர் ஏதாவது இருக்கா?"

"இது என் வீடுப்பா. எனக்குத் தெரியாம ஒரு ஆணி இருக்காது."

மாடிப்படிக்கு அடியிலிருந்த துடைப்பங்களை நகர்த்திவிட்டு, கேரத் தரைப் பலகையைப் பெயர்த்தான். இரண்டு செப்புக் குழாய்கள் கச்சிதமாகத் துணி சுற்றப்பட்டு, நேராகப் போய் நார்மன் வீட்டுச் சுவருக்குள் நுழைந்திருந்தன. கேரத் எழுந்து அவளுக்கு வழி விட்டான்.

எனிட் மண்டியிட்டுப் பார்த்தாள். சுற்றியிருந்த துணி அவளுடைய பழைய பஸ் யூனிபார்ம். எலி கடித்துவிட்டது, தூக்கிப் போட்டேன் என்று கிளிஃபர்ட் சொன்ன அதே கோட்டு. அவள் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு பகலில், அவன் இங்கே குப்புறப் படுத்துச் சுவரைக் குடைந்திருக்கிறான். வாசற்படியை மிதிக்கவே இல்லை. அந்தச் சொல்லை மட்டும் காப்பாற்றியிருக்கிறான். சாயங்காலம் அவள் வந்ததும் டீ போட்டுக் கொடுத்திருப்பான்.

எழுந்தவள் நேராக அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள். இளைத்துக் கறுத்துப்போன நார்மன், மூச்சு வாங்கிக்கொண்டு திறந்தான். அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மாடி ஏற முடியாமல் கட்டிலை முன்னறைக்கே கொண்டுவந்திருந்தான். சுவரோரம் ஒரு ரேடியேட்டர், மேலே அவன் காலுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவள் கையை வைத்தாள். கொதித்தது.

"நெஞ்சு சரியில்ல எனிட். அதான் இந்தக் குளிருக்கு முழுசாத் திறந்து விட்டுட்டேன்," என்றான். "உனக்குக் குறையும்னு தோணல. மன்னிச்சுக்கோ."

"யாரைக் கேட்டுத் திறந்த?"

நார்மன் விழித்தான். "ஏன், நீதானே வெந்நீர் விடச் சொன்னே? உனக்குத் தெரியும்னுதான் கிளிஃப் சுவர் ஓட்டை வழியாச் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல நானே இதை இந்தப் பக்கம் மாட்டினேன். நான் அப்படிப் பேசினதுக்கு அப்புறமும் நீ சம்மதிச்சேன்னு... உன்னைப் பாக்கறப்பல்லாம் தொப்பியைத் தொட்டேனே."

எனிட் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியாது நார்மன். இப்போ, கொஞ்சம் முன்னாடிதான் பாத்தேன்."

இப்போது நிறம் மாறியது அவன் முகம். ரேடியேட்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். காலுறைகளை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டான். வால்வை மூடக் குனிந்தவனுக்கு இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டான். அவள் எழுந்து வால்விலிருந்து அவன் கையைத் தட்டிவிட்டாள்.

குழாயை அறுத்து அடைத்துவிடவா என்று கேரத் கேட்டபோது வேண்டாம் என்றாள். தண்ணீர் சுலபமான வழியிலேயே ஓடிவிடும் என்றும், நார்மன் பக்கத்து வால்வைப் பாதிக்கு மேல் இறுக்கினால் இரண்டு வீட்டுக்கும் போதும் என்றும் அவன் விளக்கினான். அப்படியே செய்தான். முன்னறை சூடாகத் தொடங்கியது. எனிட் அப்போதும் கோட்டைக் கழற்றவில்லை.

கிழவியைக் கொன்றாள் என்று நார்மன் சொன்னதை அவள் மன்னிக்கவில்லை. அவனும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் காலையில் சுவரைத் தட்டி, "சூடு வருதா?" என்று கேட்பாள். "வருது," என்று இருமலுக்கு நடுவே பதில் வரும். கிளிஃபர்டின் கல்லறைக்கு ஞாயிறுதோறும் போய்க்கொண்டிருந்தவள், அந்தக் குளிர்காலம் முடியும்வரை அந்தப் பக்கமே போகவில்லை.