தகரக் குரலும் கேள்வித்தாளும்

என் வீட்டுக்காரர் இளவரசனுக்குக் கண் தெரியாது. வல்லத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறார். இதைச் சொன்னதும் ஐயோ பாவம் என்று ஒரு முகம் வைத்துக்கொள்வார்கள் பாருங்கள், அந்த முகத்தைக் கண்டாலே எனக்கு எரியும். பாவமெல்லாம் ஒன்றுமில்லை. மனுஷன் பிடிவாதக்காரர். அவரைக் கட்டிக்கொண்ட நான்தான் பாவம்.

அவருக்குக் கம்ப்யூட்டர்தான் கண். திரையில் இருக்கிறதை ஒரு குரல் வாசிக்கும், அதைக் கேட்டுக்கொண்டே வேலை செய்வார். முன்பு வைத்திருந்தது உரிமம் வாங்கிப் போடுகிற மென்பொருள். தேன் மாதிரிக் குரல். ஒருநாள் பார்வையிட வந்த அதிகாரி பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, பாடத்தின் பாதியில் அது கப்சிப் என்று நின்றுவிட்டது. உரிமத்தைப் புதுப்பித்தால்தான் பேசுவேன் என்று திரையில் எழுதிக் காட்டியதாம். கண் தெரியாதவருக்கு எழுதிக் காட்டுகிற புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல? முன் பெஞ்சுப் பிள்ளைகள்தான் வாசித்துச் சொல்லியிருக்கிறார்கள். அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவே இல்லை.

அதற்கப்புறம்தான் விழுப்புரத்தில் கூடுகிற லினக்ஸ்காரர்களிடம் போக ஆரம்பித்தார். கட்டற்ற மென்பொருள் என்பார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். யாரும் நடுவில் வந்து வாயைப் பொத்த முடியாது. அங்கே பழக்கமானவர் தேவேந்திரன். தங்கமான மனிதர், ஆனால் வெங்காயம்கூடச் சேர்க்காத சைவம் மாதிரி. லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை ஓட்டுகிற அடிப்படை மென்பொருள், அதில் பல வகை உண்டு. சில வகைகளில், சிப்புகள் வேலை செய்வதற்காகக் கம்பெனிக்காரன் கொடுத்த, யாரும் திறந்து பார்க்க முடியாத மூடிய மென்பொருள் துண்டுகளையும் சேர்த்திருப்பார்கள். தேவேந்திரனுக்கு அது ஆகவே ஆகாது. என் வீட்டுக்காரரும் கூட்டத்தில் எழுந்து, இனி என் மெஷினில் மூடிய துண்டு ஒன்றுகூட இருக்காது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தார்.

இந்த வருஷம் பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்கு, மாவட்டம் முழுவதற்குமான கேள்வித்தாள் எடுக்கிற பொறுப்பு அவருக்கு வந்தது. வீட்டுக்கு வந்து சொல்லும்போது காது மடல் சிவந்திருந்தது. கேள்வித்தாள் எடுக்கிறவர் அதை ஒரு ஈ காக்கைக்கும் காட்டக் கூடாது. தானே அடித்து, தானே அச்செடுத்து, உறையில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஆசிரியர் அறையில் உடனே பேச்சு கிளம்பிவிட்டது. இவருக்கு யாராவது படித்துக் காட்டணுமே, அப்புறம் அது எப்படி ரகசியமாக இருக்கும் என்றார்களாம். ஒருமுறை தவறினால் போச்சு. அதற்கப்புறம் எந்தப் பார்வையற்ற ஆசிரியருக்கும் அந்த வேலை வராது. அதுதான் அவர் பயம், அதுவே என் பயமும்.

அந்த வாரம் பார்த்துப் பழைய லேப்டாப் மண்டையைப் போட்டது. பாதி எழுதின கேள்விகள் பென் டிரைவில் இருந்ததால் பிழைத்தோம். புது லேப்டாப் வாங்கியதும், சனிக்கிழமை தேவேந்திரன் பஸ் ஏறி வந்தார். இவருக்கு அன்று சிறப்பு வகுப்பு, வீட்டில் இல்லை. புதிதில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டுச் சுத்த சைவ லினக்ஸைப் போட்டார் தேவேந்திரன். தமிழில் அடித்துப் பார்த்தார், பிரிண்டரை ஓட்டிப் பார்த்தார், டீ குடித்தார், கிளம்பிவிட்டார். கண் தெரிகிறவர் கண்ணுக்குத் தெரிவதைத்தானே சோதிப்பார்? சத்தம் வருகிறதா என்று பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் உட்கார்ந்தார். பட்டனை அழுத்தினார். காத்திருந்தார்.

"மணி, ஆன் ஆயிருக்குதா?" என்று என்னைக் கேட்டார்.

ஆகியிருந்தது. திரை பளிச்சென்று இருந்தது. ஒரு சத்தம் கிடையாது. திங்கட்கிழமை காலையில் விழுப்புரத்தில் ஒப்படைக்க வேண்டும், அவர் முன்னால் ஒரு ஊமை மெஷின்.

தேவேந்திரனுக்குப் போன் போட்டோம். விஷயம் புரிந்ததும் பதறிவிட்டார். புது லேப்டாப்பின் ஒலிச் சிப்புக்கு ஒரு மூடிய துண்டு தேவை, சைவ லினக்ஸில் அது இருக்காது. யுஎஸ்பியில் செருகுகிற ஹெட்போன் கிடைத்தால் போதும், அதற்கு எந்தத் துண்டும் வேண்டாம் என்றார். நான் கடைத்தெரு முழுக்க அலைந்தேன். எங்கள் ஊர்க் கோட்டையைப் பார்க்க வந்த கூட்டத்தில் இடிபட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினேன். எங்கேயும் செல்போன் ஹெட்போன்தான் தொங்கியது, அதற்கும் அந்தச் சிப்புதான் பேச வேண்டும்.

திரும்பி வந்தபோது அவருடைய பள்ளியின் கம்ப்யூட்டர் ஆசிரியர் தங்கராசு போனில் இருந்தார். பழைய கம்பெனி சிஸ்டத்தையே போட்டுவிடுவோம், இப்போது இன்டர்நெட் வழியாகத் தமிழை அவ்வளவு அழகாகப் படிக்கிற குரல் இருக்கிறது, ஒரு மணி நேர வேலை என்றார். நான் போடச் சொல்லுங்கள் என்று சைகை செய்தேன், யாருக்குச் சைகை செய்கிறேன் என்பதை மறந்து. இவர் கேட்டார், அந்தக் குரல் எங்கேயிருந்து வருகிறது என்று. நாம் எழுதுகிற ஒவ்வொரு வரியும் கம்பெனியின் மெஷினுக்குப் போய், அங்கிருந்து குரலாகத் திரும்பி வருமாம். இவர் நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அதுவும் வேண்டாம், இதுவும் வேண்டாம் என்றால் எப்படி?

"ஃபைலத் தொறங்க. நான் படிக்கிறேன். ஊட்டுக்குள்ள நடக்கிறது எவனுக்குத் தெரியப்போவுது?"

"யாரும் பாக்கலன்னு நாளைக்கு நான் கையெழுத்துப் போடணும் மணி. பொய்யா போட என்னால ஆவாது. உனக்குத் தெரியாதா?"

தெரியும். இருந்தாலும் வலித்தது. மாத்திரை அட்டை, பேங்க் சீட்டு, பஸ் போர்டு என்று அத்தனையும் நான்தானே அவருக்குப் படித்துச் சொல்கிறேன்? சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை நங்கென்று வைத்தேன்.

திரும்பி வந்தபோது அவர் கையில் இன்னொரு பென் டிரைவ் இருந்தது. தடவித் தெரிந்துகொள்வதற்காக ஒவ்வொன்றிலும் நூல் முடிந்து வைத்திருப்பார். அது விழுப்புரம் கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கிற வேறு லினக்ஸ். எல்லாம் திறந்தது, சிப்புக்கான சில மூடிய துண்டுகள் மட்டும் உண்டு. அதை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அத்தன பேரு முன்னால சொல்லிட்டு வந்தேனே. தேவேந்திரனுக்கு இன்னா பதில் சொல்றது?"

"அவுரு மெஷினு பேசலன்னாலும் அவுருக்கு வேல நடக்கும். உங்களுதுக்கு நடக்காது. அதச் சொல்லுங்க."

செருகினார். மெஷினை மறுபடி ஆன் செய்ததும் திரையில் வந்த பட்டியலில், எந்த வரியில் பென் டிரைவின் பெயர் இருக்கிறது என்று மட்டும் நான் பார்த்துச் சொன்னேன். குரலை எழுப்புகிற ஒரு எழுத்தை அழுத்தினார். தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி ஒரு குரல் பேச ஆரம்பித்தது. பழைய லேப்டாப்பில் எத்தனையோ நாள் நான் திட்டித் தீர்த்த குரல். அன்றைக்கு அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த லினக்ஸைப் போடுவதற்கு அது கேள்வி கேட்கக் கேட்க அவர் பதில் அடித்துக்கொண்டே போனார். நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"தேவேந்திரன் போட்டதுக்கு தேவேந்திரன் வேணும், தங்கராசு சொன்னதுக்கு அந்தக் கம்பெனி வேணும். இத நானே போட்டேன், பாத்தியா?"

அதையே தேவேந்திரனிடமும் போனில் சொன்னார். அந்தச் சிப்புக்குத் திறந்த துண்டு எப்போது வந்தாலும் மாற்றிவிடலாம் சார் என்றார் தேவேந்திரன். சரி என்றார் இவர்.

தன் பழைய ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினார். நான் வெளியே உட்கார்ந்து கரண்ட் போய்விடுமோ, மாடியில் குதிக்கிற குரங்கு ஒயரை இழுத்துவிடுமோ என்று ஒவ்வொன்றுக்கும் பயந்தேன். பொழுது சாய்கிற நேரத்தில் பிரிண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. கூப்பிட்டார்.

தாளின் மேல் தோளில் கிடந்த துண்டைப் போட்டு மூடி, அடியில் ஒரு விரல் அகலம் மட்டும் விட்டிருந்தார். மை விழுந்திருக்கிறதா என்று அவருக்குத் தெரியாதே.

"பக்க நம்பர் மட்டும் படி."

ஒண்ணு. ரெண்டு. மூணு. அடுத்த தாளில் ஒன்றுமே இல்லை.

"வெறும் தாளுங்க."

அவர் முகம் வெளுத்துப்போனது. துண்டுக்கு அடியிலேயே தடவித் தாளைத் திருப்பிப் போட்டார்.

"நாலு," என்றேன்.

உறையில் போட்டு ஒட்டினார். அப்புறம் அதை என்னிடம் நீட்டி, பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னார்.

"சாவி உங்கிட்டயே இருக்கட்டும்."

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் நிம்மதியாகத் தூங்கினார். எனக்கு அவர் காலையில் பஸ் ஏறுகிற வரைக்கும் தூக்கம் வரவில்லை.