இடிக்கு முன்னால் மின்னல்

ஆண்டு விழா நாடகத்தில் எனக்கு வேஷம் கிடைக்கவில்லை. மேடைக்குப் பின்னால் நின்று திரையை இழுப்பதும், விளக்குக்கும் சத்தத்துக்கும் கை காட்டுவதும் என் வேலை. ராஜாவே நான் கை காட்டினால்தான் சாக முடியும் என்பதால் ஒன்பதாம் வகுப்பில் என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

நாடகத்தின் உயிரே கடைசியில் வரும் புயல்தான். வாடகை விளக்குகள் மறுநாள்தான் வரும் என்பதால் அன்று சாயங்காலம் சத்தத்தை மட்டும் ஒத்திகை பார்த்தோம். பெரிய தகரத் தகட்டைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் முன்னால் மைக் வைத்திருந்தோம். நான் கை காட்டினேன். வகுப்பிலேயே தடியனாக இருந்தவன் கட்டையால் ஓங்கி ஒன்று வைத்தான்.

அவ்வளவுதான். ராஜா, மந்திரி, டீச்சர் எல்லோரும் வெளியே ஓடினார்கள். எந்தப் பட்டாசுக் கம்பெனியில் வெடித்ததோ என்று மைதானத்தில் நின்று, புகை சிவகாசிப் பக்கமா, சாத்தூர்ப் பக்கமா என்று வானத்தைத் தேடினார்கள். எங்கள் ஊர்க் கால்களுக்கு அது பழக்கம். தகரத்தை அடித்தவனும் அவர்களோடு ஓடியதைத்தான் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறோம்.

நான் மட்டும் திரைக் கயிற்றை விடவில்லை. அப்போது வெளியே ஓடிய கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு அம்மா மேடைக்கே வந்துவிட்டாள். தான் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியின் வேனிலிருந்து இறங்கி, என்னைக் கூட்டிப்போக வாசலில் நின்றிருக்கிறாள். என் தோளைப் பிடித்து உலுக்கி, முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். அவள் கையில் ஒட்டியிருந்த, பட்டாசு மருந்தில் சேர்க்கும் வெள்ளிப்பொடி என் யூனிஃபார்ம் சட்டையெல்லாம் அப்பிக்கொண்டது. மானம் போயிற்று என்று எனக்கு அழுகையே வந்தது.

திரும்பி வந்த டீச்சர், விழாவன்று ஊரே எழுந்து ஓடினால் யார் பொறுப்பு, புயலே வேண்டாம் என்றுவிட்டார். புயல் போனால் நாடகம் போச்சு, என் கெத்தும் போச்சு. அம்மாதான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்:

"மின்னல் வெட்டுனா மழைன்னு தெரிஞ்சுக்கிடுவோம் டீச்சர். வெறுஞ்சத்தம் மட்டும் கேட்டா நாங்க வேற என்னத்த நினைக்க?"

மறுநாள் விளக்கு வந்ததும் முதலில் மின்னல், கொஞ்சம் பொறுத்து இடி என்று மாற்றினோம். விழாவில் இடி விழுந்தபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கைதட்டத்தான் செய்தார்கள். டீச்சர் மைக்கில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார், நானும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

இப்போது மதுரையில் ஒரு நாடகக் குழுவுக்கு மேடை பார்த்துக்கொள்கிறேன். மின்னலுக்குக் கை காட்டும்போதெல்லாம் மனதுக்குள் அம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டுக்கொள்வேன். ஒத்திகை அன்றைக்கோ, சட்டையில் கறை பட்டதற்காக வீடு போய்ச் சேரும்வரை அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் வெளியே ஓடியபோது, அவள் ஒருத்திதான் உள்ளே ஓடி வந்தாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.