ஒரு நிறுத்தம் முன்னால்

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் வேலை முடிந்து நான் வீடு திரும்பும் சின்ன ரயிலில் ஓர் ஆங்கிலேயரும் வருவார். நெட்டையான ஆள். குளிரில் மூக்கு மட்டும் தக்காளி மாதிரி சிவந்திருக்கும். நாங்கள் இருவரும் ஒரே கிராமத்தில்தான் குடியிருக்கிறோம். ஆனால் அவர் எப்போதும் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிடுவார். ஏறவோ இறங்கவோ ஆள் இருந்தால்தான் ரயில் அங்கே நிற்கும். ஆப்பிள் தோட்டம் கண்ணில் பட்டதும் ரயிலை நிறுத்தச் சொல்லும் பொத்தானை அழுத்துவார். பேண்ட்டின் நுனியைச் சாக்ஸுக்குள் திணித்துக்கொண்டு சேற்றுப் பாதையில் நடக்கத் தொடங்குவார்.

அவர் ஒருவருக்காக ரயில் நிற்பதில், பசியோடு வீட்டுக்குப் போகிற எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நம்ம ஊர் அடுத்ததுதானே சார்? ஏன் இங்கே இறங்குறீங்க?"

"இங்கிலாந்துல எங்க கிராமத்து ஸ்டேஷன் ரொம்ப அழகு. பிளாட்ஃபாரம் முழுக்க ரோஜாச் செடி வெச்சிருந்தோம். வர்றவங்க எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. ரயில்ல ஏறத்தான் ஆளில்லை. எல்லார் வீட்லயும் கார். கடைசியில ரயிலையே நிறுத்திட்டாங்க."

"அதுக்கு?"

"இந்த வயசுல குனிஞ்சு செடி வைக்க முடியாது. இறங்க முடியும்ல?" சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

ஒருத்தர் இறங்குவதால் ஒரு ஸ்டேஷன் பிழைத்துவிடுமா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. போன வாரம் அவர் விடுமுறையில் இங்கிலாந்துக்குப் போயிருந்தார். அப்போது ஒருநாள் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்து, "என்ன கோலம் இது?" என்றாள்.

ஷூ நிறையச் சேறு. என் பேண்ட் சாக்ஸுக்குள் இருந்தது.