துணைக்கு அனுப்பிய சொல்

கையெழுத்துப் போட்டதோடு நின்றிருந்தால் தப்பியிருப்பேன். அந்த மனுவை எழுதிய மகாபுத்திசாலியே நான்தான். நாலு புத்தகம் போட்டவன் என்பதால், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் பெற்றோருக்கு நான் ஆஸ்தான எழுத்தர்.

அன்று வாசலில் ஒரே கொதிப்பு. அரசுப் பள்ளிகளில் பாலுறவு, சம்மதம் என்றெல்லாம் பாடம் நடத்துகிறார்களாம். பெற்றோரைக் கேட்காமல் நடத்தக்கூடாது என்று சட்டம் கொண்டுவர ஒரு பாராளுமன்ற உறுப்பினர் முனைகிறாராம். ஆதரித்து நாங்களும் எழுத வேண்டுமாம். பெற்றோர் சங்கத் தலைவர் என் தோளைத் தட்டினார்.

"அண்ணை, உறைக்கிற மாதிரி எழுதுங்கோ."

எழுத உட்கார்ந்தால், ‘பாலுறவு’ என்ற சொல் தாளில் தன்னந்தனியாக நின்று என்னையே பார்த்தது. வயதுக்கு வந்த பெண்ணை ரியூஷனுக்குத் தனியே விடாத ஆட்கள் நாங்கள். கூடவே தம்பியை அனுப்புவோம். அந்த முறைப்படி, அதற்கு முன்னால் ‘இனம்’ என்றொரு சொல்லைத் துணைக்கு நிறுத்தினேன். ‘இனம், பாலுறவு ஆகியவை பற்றிய எந்தப் பாடத்துக்கும் வகுப்பின் பெற்றோர் அனைவரதும் முன் அனுமதி வேண்டும்.’ என்ன நடை, என்ன சமநிலை! நானே வாசித்து ரசித்தேன். பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிக்கும் ஒரு பிரதி அனுப்பினோம்.

சட்டம் வந்தபாடில்லை. ஆனால், மகளுக்கு இடம் கிடைக்க எந்தப் பள்ளியின் எல்லைக்குள் இருக்கவேண்டுமென்று கிளென் வேவர்லியில் சக்திக்கு மீறி வீடு வாங்கினோமோ, அந்தப் பள்ளி, பெற்றோரோடு எதற்கு வம்பு என்று என் வசனத்தை அப்படியே விதியாக்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து, ஒன்பதாம் வகுப்பு மகள் ஆங்கிலப் பாடத்துக்கு ஒரு பேச்சுத் தயாரித்துக்கொண்டிருந்தாள். தலைப்பு: என் அப்பா ஏன் நாட்டைவிட்டு வந்தார். பிறந்ததிலிருந்து என்னிடம் வைஃபை பாஸ்வேர்டைத் தவிர எதையும் கேளாதவள், குசினியில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, இனக்கலவரத்தில் கொழும்பு வீடு எரிந்த கதையைக் கேட்டுக் கேட்டு எழுதினாள். நானும் முதல்முறையாகப் பகிடி விடாமல் சொன்னேன்.

தலைப்பு இனம் சம்பந்தப்பட்டது, எல்லாப் பெற்றோரும் சம்மதிக்க வேண்டும் என்றது பள்ளி. எல்லோரும் சம்மதித்தார்கள், ஒருவரைத் தவிர. சங்கத் தலைவர்! அவருடைய மகனும் அதே வகுப்பு. போன் எடுத்தேன்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை. பழைய கதையளால பிள்ளையளின்ர படிப்புக் குழம்பும்."

"உம்மட வீடும் எரிஞ்சதுதானே, ஐசே?"

"ஓம். அதை நான் அவனுக்கு இன்னும் சொல்லேல்லை."

அதற்கு மேல் எப்படிச் சண்டை பிடிப்பது?

பள்ளியின் துணை அதிபரிடம் ஓடினேன். அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றேன். பெற்றோரிடமிருந்து இவ்வளவு தெளிவான கோரிக்கை தங்களுக்கு வந்ததேயில்லை என்று அந்த அம்மையார் என்னைப் பாராட்டி, வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

மகள் கடைசியில் பென்குயின் பற்றிப் பேசினாள். மாலையில் வந்ததும், குற்றவாளிக்குரிய பணிவோடு கேட்டேன்.

"பென்குயினில என்னம்மா சொன்னனீ?"

"எப்பிடி ஜோடி தேடும், எப்பிடிச் சேரும், முட்டையை ஆர் அடைகாக்கும், எல்லாம். டீச்சர் வீடியோவும் போட்டவ."

"அதுக்கு ஒருத்தரிட்டயும் பெர்மிஷன் கேக்கேல்லையோ?"

"நோ. உங்கட கதைக்குத்தான் கேட்டவை, அப்பா."