தராசில் ஏறிய கிழப் பூனை

எடை போடுகிறவனை யாரும் நம்புவதில்லை. இந்தத் தொழிலில் இருந்து நொந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலாயாவில் கிள்ளான் ரயிலடியை ஒட்டிய அரிசிக் கிட்டங்கி ஒன்றில் நான் எடைக் கிராணியாக, அதாவது எடை எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன்.

எட்டுக் கட்டி

கிட்டங்கியில் ஒரு சாம்பல் நிறப் பூனை இருந்தது. நான் சேர்ந்தபோதே கிழம். மூட்டை தூக்கும் ஆட்களின் மண்டோர் வீரப்பண்ணன் வேலைக்கு வந்த வருஷம் அது குட்டியாம். அவர் வந்து பதினெட்டு வருஷம்; அப்படியானால் பூனைக்கும் பதினெட்டு வயது. காலையில் கதவைத் திறந்ததும் நேரே வந்து தராசின் இரும்புத் தட்டில் உட்காரும். முள் எட்டுக் கட்டியில் நிற்கும்; இன்றைய கணக்கில் ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முத்திரைப் படிக்கற்களை ஆபீஸ் பெட்டியிலிருந்து கையெழுத்துப் போட்டு எடுத்துவர நாங்கள் சோம்பியதால், பூனை எட்டு காட்டினால் தராசு சரி என்பது வழக்கமாகிவிட்டது.

அரிசி வாங்க வரும் காதர் ராவுத்தர் ஒருமுறை மூட்டை எடையில் சந்தேகப்பட்டார். பூனையை நிறுத்துக் காட்டினேன். எட்டு. ராவுத்தர் தலையாட்டினார்.

"பூனை பொய் சொல்லாது, கிராணியாரே. ஒங்க மேல அந்த நம்பிக்கை எனக்கில்ல."

இரண்டு கட்டி

ஒரு மழைக்காலத்தில் முள் ஏழரையில் நின்றது. தராசின் திருகாணியைத் திருப்பி எட்டுக்குக் கொண்டுவந்தோம். சில வாரங்களில் மறுபடி இறங்கியது; மறுபடி திருப்பினோம். ஈரத்தில் ஸ்பிரிங் கெட்டுவிட்டது என்று எல்லாருமே சொன்னோம்.

ஒரு நாள்தான் கவனித்தேன்: பூனை இறங்கிய பிறகும் முள் பூஜ்யத்துக்கு வரவில்லை. வெறும் தட்டு, இரண்டு கட்டி. பூனையிடமிருந்து குறைந்த எடையெல்லாம் அங்கேயே உட்கார்ந்திருந்தது போல இருந்தது. நான் பூனையின் முதுகில் கை வைத்தேன். அடர்ந்த மயிருக்குக் கீழே எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. தினமும் பார்த்த பூனை. யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. வீரப்பண்ணனும் தொட்டுப் பார்த்தார்.

"இத்தன நாளா நாம தராசுக்கு வைத்தியம் பாத்திருக்கோம், தம்பி."

பிரிக்பீல்ட்ஸில்

பூனையைப் பிரம்புக் கூடையில் வைத்து ரயிலேற்றி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த அந்தோணியிடம் கொண்டுபோனேன். பந்தயக் குதிரைகளைப் பார்க்கும் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளர் அவர். வாயைத் திறந்து பார்த்தார். இரண்டு பற்கள் அழுகியிருந்தன. பசி இருக்கிறது, மெல்லத்தான் முடியவில்லை என்றார். தண்ணீர் அதிகம் குடிக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சிறுநீரகமும் தளர்ந்திருக்கலாம், அதற்கு மருந்தில்லை என்றார். பற்களை மட்டும் பிடுங்கினார். வேகவைத்த மீனை மசித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுக்கச் சொன்னார். தண்ணீரைக் குறைக்கக் கூடாது என்றார்.

திரும்ப எட்டுக் கட்டி வருமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"எட்டுக் கட்டிய விடுங்க. மூஞ்சி கழுவுதான்னு பாருங்க. கழுவினா, இருக்கணும்னு நெனைக்குது."

சாக்கு விரித்த தட்டு

வீரப்பண்ணன் கெம்போங் என்கிற கானாங்கெளுத்தி மீனை முள் நீக்கி, விரலாலேயே மசித்து ஊட்டினார். மூட்டை தூக்கும் விரல்கள். முதல் மூன்று நாள் பூனை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. நான்காம் நாள் நக்கியது. தராசுப் பக்கம் மட்டும் வரவில்லை. இரும்பு குளிருமென்று யாரோ தட்டில் சாக்கு விரித்து, ஏற ஒரு பலகையும் சாய்த்திருந்தார்கள்.

பத்தாம் நாளோ என்னவோ, கோலாலம்பூர் வேகனுக்கு மூட்டை ஏறிக்கொண்டிருந்த நேரம். பூனை பலகையில் அடிமேல் அடி வைத்து ஏறியது. உட்கார்ந்தது. முன்காலை நக்கி, முகத்தைக் கழுவ ஆரம்பித்தது. காதுக்குப் பின்னால், கண்ணோரம், மறுபடி காது. அவசரமே இல்லை. முதுகில் மூட்டையோடு ஆட்கள் நின்றுவிட்டார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. வேகன்காரன் கத்தியது கேட்டது, ஒருவரும் திரும்பவில்லை. நான் பழக்கத்தில் முள்ளைப் பார்க்கக் குனிந்தேன். அரிசி வாங்க வந்திருந்த ராவுத்தர் என் தோளைப் பிடித்தார்.

"நிறுக்காதீங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

எடைக் கிராணியாக நான் தெரிந்தே எழுதிய ஒரே பொய், அன்று வேகன் தாமதமானதற்குக் காரணம் மழை என்பதுதான். கிட்டங்கி வாசல் முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது.