இரண்டாவது இடத்துக்குப் போன பாடம்

கோவில்பட்டியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன், பல்கலைக்கழக விண்ணப்பங்கள் குவிந்திருந்த ஒரு காலை நேரம். நாகலாபுரம் பக்கமிருந்து ஒரு மாணவி வந்தார். விலங்கியலில் பட்டம் முடித்தவர். "எம்.எஸ்சி. விலங்கியல முதல்ல போடுங்க அண்ணாச்சி, பயோடெக்னாலஜி ரெண்டாவது" என்று சொல்லிவிட்டு, சான்றிதழ்களை ஜெராக்ஸ் எடுக்கப் பக்கத்துக் கடைக்குப் போனார்.

எங்களைப் போன்றவர்கள் விண்ணப்பத்தை மட்டும் நிரப்புவதில்லை; பிள்ளைகள் என்ன படிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே நிரப்புவோம். பயோடெக்னாலஜிக்குத்தான் வேலை கிடைக்கும், பாவம், விவரம் தெரியாமல் சொல்கிறது என்று நினைத்து, வரிசையை மாற்றி அனுப்பிவிட்டேன். நல்லது செய்த திருப்தி வேறு.

சேர்க்கைப் பட்டியலில் அவருக்குப் பயோடெக்னாலஜி கிடைத்திருந்தது. பெருமையாக, நான்தான் மாற்றினேன் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. அவர்கள் வீட்டு மக்காச்சோளத்தை இரண்டு வருடமாகப் படைப்புழு தின்று தீர்த்திருக்கிறது. பூச்சிகளைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்று சொல்லித்தான் அப்பாவிடம் மேற்படிப்புக்குச் சம்மதம் வாங்கியிருக்கிறார். பாட மாற்றம் கேட்க மறுநாள்தான் கடைசி நாள். கடையைப் பூட்டிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அவர்கூடப் போனேன்.

வருடக்கணக்காக அந்தப் பாடப் பெயர்களைத் திரையில் பார்த்தவன் நான். நேரில் அன்றுதான் பார்க்கிறேன். பட்டியலில் ஒரு வரியாக இருந்ததெல்லாம் அங்கே ஒரு கட்டடமாக நின்றது. ஓரிடத்தில் ஒரு பேராசிரியர் கண்ணாடிக் குடுவையில் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். குற்றவியல் துறை வாசலில் இரண்டு ஆசிரியர்கள் டீயை ஆறவிட்டு ஏதோ வாதாடினார்கள். இதையெல்லாம் வேலை கிடைக்கும், கிடைக்காது என்று இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருந்தவன் நான்.

சேர்க்கைப் பிரிவில் இருந்த அம்மா, "வரிசை நீதானம்மா கொடுத்த?" என்று கேட்டார்.

"ஆமா மேடம். நான்தான் சரியாப் பாக்கல" என்றார் மாணவி, என்னைக் காட்டிக் கொடுக்காமல்.

"அப்பம் மாத்த முடியாதே. நிரப்புனவுக தப்புன்னா, அவுக எழுதிக் கொடுக்கணும். இடம் இருக்குன்னு துறைத் தலைவரும் கையெழுத்துப் போடணும்."

எழுதிக் கொடுத்தால் என் சென்டரின் பெயர் கெடும். விஷயம் ஊருக்குத் தெரிந்தால் அடுத்த வருடம் யார் வருவார்கள்? ஒரு நிமிடம் வாயைத் திறக்காமல் நின்றேன். அதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது. பிறகுதான், "மாத்துனது நான்தான் மேடம், எழுதித் தாரேன்" என்றேன்.

கடிதத்தோடு விலங்கியல் துறைக்குப் போனோம். துறைத் தலைவர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. ஏன் பூச்சி என்று மாணவியிடம் மட்டும் கேட்டார். படைப்புழு எங்கே முட்டையிடும் என்பதில் தொடங்கி, அந்தப் பெண் கால் மணி நேரம் நிறுத்தாமல் பேசினார். எனக்குப் பாதி புரியவில்லை. ஒரு இடம் மிச்சமிருந்தது, கையெழுத்தும் கிடைத்தது.

திரும்பி வரும் பேருந்தில், "மன்னிச்சிரும்மா" என்றேன்.

"எதுக்கு இதப் படிக்கேன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தீகன்னா, அன்னைக்கே சொல்லியிருப்பேனே அண்ணாச்சி" என்றார்.

கேட்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை இதற்கு முன் எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் விட்டேனோ, அவர்களில் யாரும் திரும்பி வந்து எதுவும் சொல்லவில்லை என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.