ஃப்ளெக்ஸில் போடாத சொல்

செஞ்சியில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்க்கிறேன். அங்கே யாரும் பச்சை என்று மட்டும் கேட்க மாட்டார்கள். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை, பாட்டில் பச்சை என்று பிரித்துத்தான் கேட்பார்கள். "எல்லாம் பச்சதானக்கா" என்று ஒரு முறை சொல்லிவிட்டேன். அந்த அக்கா எழுந்து எதிர்க் கடைக்குப் போய்விட்டார். நைனாவுக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, ஃப்ளெக்ஸ் அடிக்கப் போனபோதுதான் சாவுக்கும் இப்படித்தான் என்று தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா "எக்ஸ்பயர் ஆயிட்டாரு" என்றார். மாத்திரை அட்டையில் பார்த்திருக்கிறேன், மனுஷனுக்குச் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். சித்தப்பா என் முதலாளிக்கு போன் போட்டு, "வூட்ல ஒரு டெத்துங்க, பொண்ணு கொஞ்ச நாள் வராது" என்றார். இங்கிலீஷில் சொன்னால் எவ்வளவு சுலபமாக இருக்கிறது, கரண்ட் போயிடுச்சு என்பது மாதிரி. பக்கத்து வீட்டு அக்கா "தவறிட்டாராமே" என்று குரலை இறக்கிக் கேட்டார். நைனா, நெல் ஏலம் விடுகிற கமிட்டியில் மூட்டை தூக்கினவர். அவரோடு தூக்கினவர் ஒருத்தர் வந்தார். "டிக்கெட் வாங்கிட்டானே பாவி" என்று சொல்லி வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் செருப்பு பறந்திருக்கும். அவருக்கு அம்மாவே எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

எனக்குத்தான் எந்த வார்த்தையும் வாயில் வரவில்லை. நைனாவின் போன் என்னிடம் இருந்தது. விஷயம் தெரியாதவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அடித்தால் சித்தப்பாவிடம் கொடுத்துவிடுவேன். ஒரு முறை அவர் குளிக்கப் போயிருந்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் சும்மா நின்றேன். அந்தப் பக்கம் இருந்தவர் "சிக்னல் இல்ல போல" என்று வைத்துவிட்டார்.

எங்கள் தெருவில் யார் போனாலும் தெரு முனையில் ஃப்ளெக்ஸ் வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் பிள்ளைகள் சரியில்லை என்பார்கள். அதனால் கருமாதிக்கு முந்தின வாரம் நானும் சித்தப்பாவும், அம்மாவின் தம்பியான மாமாவும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்குப் போனோம்.

கடைக்கார அண்ணன் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டார். "இன்னா போடணும்? காலமானாரா, இறைவனடியா, இயற்கை எய்தினாரா?"

கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா என்று நான் கேட்கிற அதே குரல்.

"இயற்கை போடுப்பா, கேக்க நல்லா இருக்குது" என்றார் மாமா.

"யோவ் மச்சான், அமாவாசைக்கு அமாவாசை மலையனூர் போன மனுஷன்யா. இயற்கைன்னு போட்டா, சாமியே இல்லன்னவர்னு நெனச்சுக்குவாங்க" என்றார் சித்தப்பா.

"அப்ப சிவலோக பதவி போடலாமா?" என்றார் கடைக்கார அண்ணன்.

"பதவியா?" மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "லோடுமேன் சங்கத்துல ஒரு பொறுப்பு குடுத்தாங்க, அதையே வேணான்னு வூட்டுக்கு ஓடி வந்த ஆளு. இப்ப போய் பதவியா குடுக்கிறீங்க?"

"மறைந்தார்?"

"வூட்ட வுட்டு ஓடிப்போன மாதிரி இருக்குது" என்றார் மாமா.

"காலமானார்னே போட்டுடறேன். எல்லாரும் போடறதுதான்."

"அது டிவில சொல்றதுப்பா. நம்ம வூட்டுக்குப் பெரிசு" என்றார் சித்தப்பா.

கடைக்கார அண்ணனுக்கு டென்ஷன் ஏறியது. போன வாரம் வேறு யாருக்கோ அடித்ததைத் திறந்து காட்டினார். அதில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று இருந்தது.

சித்தப்பா அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். "எங்கண்ணன் ஒரு நாளும் ஒழுங்கா தூங்கினதில்லப்பா. இது நல்லாத்தான் இருக்குது. ஆனா ஆளு மாறிடும்."

"நீ சொல்லும்மா, உங்க நைனாதான?" என்றார் கடைக்கார அண்ணன். மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள்.

"ஒண்ணும் போடாதீங்கண்ணா."

"ஒண்ணுமேவா?"

"மேல இருக்கிற கண்ணீர் அஞ்சலியும் வேணாம். ஓரத்துல ரெண்டு கண்ணு அழுவுதே, அதையும் எடுத்துடுங்க. வூட்ல அழுவறதே போதும்."

"கருமாதின்னாவது போட வேணாமா?"

"ஞாயித்துக்கிழம எல்லாரையும் வரச் சொன்னா போதும்."

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சித்தப்பா அவர் கையைப் பிடித்து அமுக்கினார். "அவ இஷ்டப்படி போடுப்பா."

போட்டோ என்று எங்களிடம் இருந்தது ஒன்றுதான். மேல்மலையனூரில் அம்மனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடும்போது என் போனில் எடுத்தது. கடைக்கார அண்ணன் கூட்டத்தை வெட்டினார், கோபுரத்தை வெட்டினார், கசங்கிய சட்டையைப் பளிச்சென்று வெள்ளையாக்கினார். பின்னால் ஒரு நீல வானத்தை வைத்தார். நைனா ஜம்மென்று இருந்தார்.

மறுநாள் காலையில் தெரு முனையில் கட்டினார்கள். நைனா கை கூப்பிச் சிரித்தார். கீழே பெரிய எழுத்தில் பேர், கமிட்டி லோடுமேன், 'வரும் ஞாயிறு அனைவரும் வருக'. நான் தனியாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிங்கவரத்திலிருந்து கமிட்டிக்கு நெல் கொண்டுவருகிற பெரியவர் ஒருத்தர் அந்தப் பக்கமாக வந்தார். நைனாவுக்கு ரொம்ப வருஷப் பழக்கம். சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஃப்ளெக்ஸை மேலிருந்து கீழே வரை படித்தார்.

"ஏம்மா, உங்க நைனா சங்க எலக்‌ஷன்ல நிக்கிறாரா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு. ஞாயித்துக்கிழம மீட்டிங்கா?"

திரும்பி ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். அவர் மேல் தப்பே இல்லை. நைனா ஊரையே பார்த்து ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பா எங்கே என்று தேடினேன். அவர் சமையல்காரரைப் பார்க்கப் போயிருந்தார்.

"இல்ல பெரிப்பா" என்றேன்.

"பின்ன?"

"நைனா செத்துட்டாரு பெரிப்பா."

அத்தனை நாளும் எங்கள் முன்னால் யாருமே சொல்லாத வார்த்தை அதுதான். என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அவர் இறங்கி சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். நைனாவை நிமிர்ந்து பார்த்தார்.

"தூக்கறப்ப கொக்கி போட்டு எம்மூட்டைய ஒரு நாளும் கிழிச்சதில்லம்மா அவரு" என்றார். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "எனக்கு சங்கத்துல ஓட்டு இல்ல. இருந்து, உங்க நைனாவும் நின்னிருந்தா, அவருக்குத்தான் குத்தியிருப்பேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. நடுத்தெருவில், நைனாவின் வெள்ளைச் சட்டைக்குக் கீழே நின்று சத்தமாக அழுதேன். பெரியவர் துண்டை நீட்டினார். நெல் வாசம் அடித்தது.

அப்போது நைனாவின் போன் அடித்தது. நானே எடுத்துப் பேசினேன்.